கண்ணாடிப் பெட்டிக்குள் மதலைமுத்து

ஓசூரிலிருந்து வந்த வேன் பின்வாசலில் நின்றபோது மணி இரண்டு இருக்கும். மாது மதியச் சோற்றை முடித்துவிட்டு, உடற்கூறுக் கூடத்துப் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். உள்ளே இரும்பு மேசைகளில் ஐந்து பேர் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே டிபன் டப்பாவைத் திறந்து புளிச்சோறு தின்கிறவன் அவன். பாலக்கோட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. வருகிற உடம்பைப் பதப்படுத்த வேண்டும். பிள்ளைகள் அறுத்துப் படித்து முடித்ததும் மிச்சத்தைக் கட்டி அனுப்ப வேண்டும். அவனுக்குப் போய் அருவருப்பா என்று யாரும் சிரிப்பார்கள். ஆனால் இருந்தது. ஐந்து மாதமாக அவனால் தேங்காய்த் துருவலைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணா, பாத்து! கண்ணாடி, கண்ணாடி!" என்று கத்திக்கொண்டே வேனிலிருந்து குதித்தாள் வெண்மதி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பெட்டியை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஆறடி நீளம். சாவு வீட்டில் வைக்கிற ஐஸ் பெட்டியேதான், மூடி மட்டுமல்லாமல் நாலு பக்கமும் கண்ணாடி. கதவைத் தாண்டியதுமே அவள் துப்பட்டாவை மூக்கில் அமுக்கிக்கொண்டாள்.

"என்னாண்ணா இப்டி நாறுது?"

"மருந்து நாத்தம் பாப்பா. ரெண்டு நாள் இருந்தாப் பழகிடும். அப்புறம் வூட்டுக்குப் போனா வூடுதான் நாறும்."

"ரெண்டு நாளா? நாளைக்கு விழா முடிஞ்ச கையோட நான் ஓடிருவேன்."

கூடத்தின் கடைசியில், கழுவும் தொட்டி இருந்த சின்ன அறையில் பெட்டியை வைத்தார்கள். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். அறை இருண்டது. வெளியே கொளுத்துகிற வெயிலுக்கும் அந்த இருட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வயர்களை மாட்டிக்கொண்டே வெண்மதி விளக்கினாள். கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, திரையும் கிடையாது. பெட்டியின் இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு ஒளிக்கதிர் வரும். உள்ளே ஒரு சின்ன விசிறி பொடியை மிதக்க விட்டுக்கொண்டிருக்கும். கதிர் இரண்டும் எங்கே ஒன்றையொன்று வெட்டுகிறதோ, அந்த இடத்துப் பொடி மட்டும் மினுங்கும். அந்த வெட்டுமிடம் கண்மூடித் திறப்பதற்குள் லட்சம் தடவை இடம் மாறும். நம் கண்ணுக்கு அது ஒரு முழு உருவமாகத் தெரியும். சுற்றி நடந்து பார்க்கலாம், முதுகும் தெரியும், முகமும் தெரியும்.

"ஆனா பச்சை நிறம்தான்ணா. இந்தப் பெட்டிக்கு வேற கலர் வராது."

"யாரோட உருவத்தக் காட்டப் போற?"

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். "டாக்டர் பிரியதர்ஷினி அனுப்புன ஃபைல்தான். ஆயிரத்து எழுநூறு படம். பேரு... மதலைமுத்து."

மாதுவின் வாயிலிருந்த பல்குச்சி கீழே விழுந்தது.

மதலைமுத்து தக்காளி விவசாயி. பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு சின்ன கிராமம், வேதக்காரக் குடும்பம். இந்த ஆஸ்பத்திரியில் வயிற்றில் அறுவை செய்து பிழைத்து எழுந்தவர், தான் செத்தால் உடம்பைப் பிள்ளைகள் படிக்கத் தருவதாக அவரே வந்து கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு கூடைத் தக்காளியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனைவி ராயம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படித்து முடித்ததும் ஒரு துணுக்கு விடாமல் திருப்பித் தர வேண்டும், ஊர்க் கல்லறையில் மண்ணுக்குள் வைக்க வேண்டும். பங்குச் சாமியாரும் அதைத்தான் சொன்னார். பிரியதர்ஷினி டாக்டரம்மா சரி என்று எழுதிக் கொடுத்தார். பொறுப்பு மாதுவின் தலையில் விழுந்தது.

ஜனவரியில் அவர் செத்தார். உடம்பைப் பனிக்கட்டியில் பதித்து, பாறையாக உறையவைத்து, உள்ளங்காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மில்லிமீட்டராக ஒரு இயந்திரம் சீவித் தள்ளியது. ஒரு சீவல், ஒரு படம். சீவியது துருவலாக விழும். வெள்ளையும் சிவப்புமாக, குளிரில் பொறுபொறுவென்று. அதை வாளியில் சேர்த்து உறைபெட்டியில் வைப்பது மாதுவின் வேலை. நாலு மாதத்தில் முழு மனிதன் வாளிகளுக்குள் போய்விட்டான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை உறைபெட்டி பழுதானது. திங்கள் காலை மாது திறந்தபோது துருவல் உருகிக் குழம்பாகி, மேலே நுரை கட்டி, வெள்ளைப் புழு நெளிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தை அவன் அதுவரை முகர்ந்ததில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். பதினொரு வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுவும் தொட்டியின் குழிக்குள் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணீர் விட்டான். பிறகு பாப்பாரப்பட்டி உரக்கடைக்குப் போய், செடிக்குப் போடுகிற எலும்புத் தூளை வாங்கி வந்து, மரப்பெட்டியில் கொட்டி, ஆணி அடித்து, சிலுவை ஒட்டி ராயம்மாள் கையில் கொடுத்தான்.

அவள் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ராயம்மாளைத்தான் நாளைக்கு மேடையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, ஒளியில் எழுகிற புருஷனைக் காட்டப் போகிறார்கள்.

"அண்ணா, கதவச் சாத்துங்க" என்றாள் வெண்மதி. "மொதல்ல கதிர் ரெண்டும் நேரா இருக்கான்னு பாத்துக்கறேன். இன்னும் பொடி போடல. இப்ப ஒண்ணும் தெரியாது."

சுவிட்சைத் தட்டினாள். விசிறி சன்னமாக இரைந்தது.

முதலில் எதுவும் இல்லை.

பிறகு பெட்டியின் ஓரத்தில், அந்தரத்தில், ஒரு கால்விரல் வந்தது.

பச்சை இல்லை. தோல் நிறம். நகம் மஞ்சளாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கரம்பை மண் கறுப்பாக அடைந்திருந்தது. பக்கத்தில் இரண்டாவது விரல். மூன்றாவது. பாதம் ஒவ்வொரு அடுக்காக வளர்ந்தது. கணுக்கால், கெண்டைக்கால், நரம்பு முடிச்சு.

"பொடி எங்கேர்ந்து வருது?" வெண்மதி கிசுகிசுத்தாள். "அண்ணா, பாட்டில் இன்னும் என் கைலதான் இருக்கு. சீல் கூடப் பிரிக்கல."

மாதுவுக்கு நாற்றம் முந்தி வந்துவிட்டது. அதே நாற்றம். மே மாதத் திங்கட்கிழமை.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். தொட்டியின் குழிக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. தொண்டைக்குள் சளியைப் புரட்டுகிற சத்தம். குழியின் வாயிலிருந்து விரல் கனத்தில் ஒரு புகை எழுந்தது. புகையா அது? துகள். காய்ந்த பொருக்கு, கொழுப்புத் தூள், வெள்ளை முடி. கயிறாகத் திரண்டு, தரையோடு ஊர்ந்து, பெட்டியின் அடியில் இருந்த விசிறி ஓட்டைக்குள் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தது. போகிற வழியில் மாதுவின் காலைத் தொட்டது. ஈரமாக இருந்தது.

சே!

காலை உதறினான். ஒட்டிக்கொண்டது போகவில்லை.

பெட்டிக்குள் இடுப்பு வந்துவிட்டது. வயிற்றில் அறுவைத் தழும்பு. அடுக்கு அடுக்காக உள்ளே குடல் தெரிந்து, தோல் மூடி, மறைந்தது. மார்பு. கழுத்து. நரைத்த தாடி. முகம் நிறைந்ததும் களக் களக் சத்தம் நின்றுபோனது.

வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கூடத்து நடுவிலேயே அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. "எனக்கு வேலையே வேணாம்... வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க!" என்று டிரைவரிடம் அவள் அலறினாள். வேன் கிளம்பிப் போயிற்று.

மாது போகவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உறையவைத்தபோது அவர் கண்ணை மூடியது மாதுவின் கைதான். படங்கள் அத்தனையிலும் அந்தக் கண்கள் மூடித்தான் இருந்தன.

இப்போது திறந்திருந்தன.

மதலைமுத்து தலையைத் திருப்பினார். தலை ஒரேயடியாகத் திரும்பவில்லை. சீவல் சீவலாகத் திரும்பியது, சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு மூக்கு. ஒவ்வொரு சீவலுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் ஈறும் எலும்பும் பளபளத்தன. கர்மம், அதைப் பார்க்கிற கண்ணைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. வாய் திறந்தது. நாக்கு நாலு துண்டாக வெளியே வந்து, மறுபடி ஒன்றாக ஒட்டிக்கொண்டது.

ஏதோ சொன்னார். சத்தம் இல்லை.

மாது பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

வெளிச்சம் போயிற்று. இருட்டு. விசிறி மெல்ல மெல்ல நின்றது. கதிர் வெட்டுகிற இடத்தில் மட்டும்தான் பொடி மினுங்கும் என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்? அப்பாடா என்று, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டு, ஒரு பெருமூச்சு இழுத்தான்.

அதுதான் தப்பு.

முகத்தில் மெத்தென்று ஏதோ மோதியது. மூக்குத் துளை இரண்டும் அடைத்தது. வாயைத் திறந்தான், வாய் நிறைந்தது. ஊசிப்போன கொழுப்பு, பிளீச்சிங் பவுடர், அதற்கு அடியில் அழுகின தக்காளியின் புளிப்பு. நாக்கில் முடி சுற்றியது. துப்பினான். துப்பத் துப்ப உள்ளேதான் போயிற்று. தொண்டை தானாக விழுங்கியது. ஒரு கை முழுதாக இறங்குகிற மாதிரி நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே இடம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

தொட்டியைப் பிடித்துக்கொண்டு விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தான். புளிச்சோறு தரையில் கொட்டியது. வேறு எதுவும் வரவில்லை.

கறுப்புத் தாளைக் கிழித்து ஜன்னலைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடிப் பெட்டி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மாது தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சார்" என்று குரல் கேட்டது.

வாசலில் ராயம்மாள் நின்றிருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஒரு மஞ்சப்பை, கழுத்தில் செபமாலை. வாந்தியை மிதிக்காமல் சுற்றி வந்தாள்.

"நாளைக்குத்தானேம்மா விழா?" என்றான் மாது.

"தெரியுங்க. நாளைக்கு மாலை, மைக்குன்னு கூட்டமா இருக்கும். ஒங்ககிட்டத் தனியா ஒண்ணு கேக்கோணும்னுதான் இன்னைக்கே பஸ் ஏறிட்டேன்." அவள் எதிரே குந்தினாள். "நீங்க குடுத்த பெட்டி குழியில எறக்கறப்ப மூலையில விட்டுக்கிச்சு. கொஞ்சம் கொட்டுச்சு. என் கைலதான் கொட்டுச்சு."

மாதுவின் பார்வை தொட்டிப் பக்கம் போயிற்று.

"முப்பது வருசம் செண்டுமல்லி போட்டவ நானு. எலும்புத் தூளு எனக்குத் தெரியாதுங்களா?"

"அம்மா..."

"பூசை முடியற வரைக்கும் கைய மோந்து பாத்துக்கிட்டே நின்னேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"எப்படிங்க கேக்கறது? நாலு ஊரு சனம் நிக்கிது. ஆளாளுக்கு மண்ணு அள்ளிப் போடறாங்க. இது எம்புருசன் இல்ல, மாட்டெலும்புன்னா சொல்லச் சொல்றீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "நாளான்னிக்குக் கல்லறைத் திருநாளு. எல்லாரும் வூட்டு ஆளுக்குப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏத்துவாங்க. நா மாட்டுக்கா ஏத்தறது? கடைசி நாள்ல ஆண்டவரு பேரு சொல்லிக் கூப்புடறப்ப, அந்தக் குழியில இருந்து மாடு எந்திரிச்சு வருமுங்களா?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திருக்கும். மாது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பழுதான பெட்டி, புழு, பதினொரு வாளி, உரக்கடை. சொல்லச் சொல்ல அவனுக்கு அவன்மேலேயே குமட்டியது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ உடம்பைத் தொட்ட கை, ஒரு மனுஷனைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்திருக்கிறது.

"எங்க ஊத்துனீங்க?"

தொட்டியைக் காட்டினான்.

ராயம்மாள் வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குழியின் சல்லடையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். மாதுவால் பார்க்க முடியவில்லை. அந்தக் குழியில் இத்தனை வருஷம் என்னென்ன போயிருக்கிறது என்று அவனுக்குத்தானே தெரியும். கையை வெளியே எடுத்தாள். உலர்ந்து இருந்தது, ஒரு அழுக்கு இல்லை. விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இங்க இல்லீங்களே" என்றாள்.

மாது விம்மலோடு மூச்சு விட்டான். அவள் சட்டென்று திரும்பினாள். மூக்கு விடைத்தது.

"இன்னொருவாட்டி ஊதுங்க."

"அம்மா, வேணாம்மா..."

"ஊதுங்க தம்பி."

கிட்டே வந்து, அவன் தாடையைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, உதட்டோடு உதடு படுகிற தூரத்தில் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி மறுபடி, ஆழமாக. மாதுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தள்ளிவிட நினைத்தான். கை எழும்பியது. எழும்பிய கை அவளைத் தள்ளவில்லை. நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டது. அவன் ஒதுக்கவில்லை!

ராயம்மாள் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏங்க" என்றாள், அவனைப் பார்க்காமல். "இங்கியா இருக்கீங்க?"

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. காணாமல் போன மாடு எந்தத் தொழுவத்தில் கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டவளின் நிம்மதி இருந்தது. அதுதான் மாதுவைப் பயமுறுத்தியது.

"அஞ்சே காலுக்கு பஸ்ஸுங்க. ரோடு வரைக்கும் வாங்க."

அவள் கூடவே நடந்தான். புளியமரத்தடி நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மேற்கே வெயில் கிளைகளுக்கு இடையில் நீளநீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. மாது அந்த வெளிச்சத்துக்குள் போகாமல் நிழலிலேயே நின்றான்.

"ஒங்கள்ல எரிக்கறதா, பொதைக்கறதாங்க?" என்று கேட்டாள்.

"என்னாம்மா?"

"நீங்க செத்தா."

"எ... எரிக்கறதுதான்."

"எரிக்கக் கூடாதுங்க. ஒங்க வூட்டுல இன்னைக்கே சொல்லிடுங்க. எழுதியும் வெச்சிருங்க, மறந்துபுடுவாங்க." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊருக்குப் போனதும் அந்த மாட்டெலும்ப வாரிக் கொட்டிட்டு, குழியச் சுத்தமாத் தெறந்து வெச்சுடறேன். சாமியார்கிட்ட நா பேசிக்கறேன்."

"அம்மா, எனக்கு நாப்பத்தாறு வயசுதாம்மா ஆவுது. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

"அது தெரியுங்க. எனக்கு அறுவத்தெட்டு ஆவுது." அவள் அவனைப் பரிவோடுதான் பார்த்தாள். "நா கண்ண மூடறதுக்குள்ள அவரு குழிக்குள்ள போயிடோணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். நா செபம் பண்றேன்."

பஸ் வந்தது. ராயம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனதும் விட்டுவிட்டான்.

விட்ட மூச்சு கலையவில்லை.

சாய்ந்த வெயிலின் ஒரு கீற்றில் அது துகளாக மினுங்கி நின்றது. நீண்டது. அடுக்கு அடுக்காக விரல் முளைத்தது. வெடித்த நகம், கறுத்த கணு, மணிக்கட்டு. ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து அவள் கன்னத்தை மெதுவாகத் தடவியது. ராயம்மாள் கண்ணை மூடி, கன்னத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள். உதடு செபத்தில் அசைய ஆரம்பித்தது.

பஸ் கிளம்பிப் போயிற்று.

கை மட்டும் வெயிலில் தனியாக மிதந்தபடி திரும்பி அவனிடம் வந்தது. மாது இரண்டு கையாலும் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டான், பல்லைக் கடித்தான். கடித்த பல் தானாக விலகியது. நாக்கு ஒதுங்கி வழி விட்டது.